பருந்து வீரனுக்குப் போட்ட நாமம்

அமெரிக்காவில் ஒரு சினிமாக் கம்பெனி தப்பான முடிவு எடுத்தால் விருத்தாசலத்தில் எனக்குச் சோறு இறங்காது.

என் பெயர் பழமலைநாதன். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு சூளை, நாலைந்து ஆட்கள். பட்டறைக்கு நான் முதலாளி. எனக்கு முதலாளி என் மனைவி அம்சவல்லி.

பறக்கிற மனிதன், நெருப்பைக் கக்குகிற மனிதன், மலையைத் தூக்கி எறிகிற மனிதன் என்று அமெரிக்காவிலிருந்து தமிழ் பேசிக்கொண்டு வரும் படங்களை நான் விட்டதே இல்லை. ஆனால் படம் பார்ப்பது பாதி சுகம்தான். அதை எந்த மாசம் விட வேண்டும், எந்தப் படத்தோடு மோதக் கூடாது, எந்த ஹீரோவை யாரோடு சேர்க்க வேண்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்து தீர்மானிப்பதுதான் மீதி சுகம்.

இந்தத் தீர்மானங்களுக்கு எதிர்க்கட்சித் தலைவர் என் பக்கத்து வூட்டு தேவநாதன். இன்சூரன்ஸ் ஏஜெண்டு. நான் பருந்து வீரன் கட்சி. அவன் எரிமலை மனிதன் கட்சி. இரண்டும் வேறு வேறு கம்பெனி. இரண்டு கம்பெனிக்காரர்களுக்கும் எங்களைத் தெரியாது. அது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

"யோவ் தேவநாதா, உன் எரிமலைக் கம்பெனிக்கு மூளை இருக்குதா?" என்பேன். "எடுத்த எடுப்புல எல்லா ஹீரோவையும் ஒரே படத்துல போட்டு அடைக்கிறான். எவன் யாருன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா? கட்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கூட்டணி வச்ச மாதிரி இருக்குது."

"கூட்டணி வச்சாதான்யா டெபாசிட்டு கிடைக்கும். உன் பருந்துக் கம்பெனி ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா படம் எடுத்து, அப்புறம் ஒண்ணு சேக்கறதுக்குள்ள ஹீரோவுக்கெல்லாம் பல்லு கொட்டிடும்."

"பொண்ணு பாக்கணும், நிச்சயம் பண்ணணும், அப்புறம்தான் கல்யாணம். அதான் முறை. உன் ஆளு நேரா வளைகாப்புக்குப் போறான்."

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அன்றைய ஓட்டெடுப்பில் நான் ஜெயித்தேன்.

இது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். அந்தக் கோடை லீவில் ஒரே வெள்ளிக்கிழமை பருந்து வீரனும் எரிமலை மனிதனும் மோதுவதாக அறிவிப்பு வந்திருந்தது. ஜங்ஷன் ரோடு பிரவுசிங் சென்டரில் என் கண்ணாலேயே படித்தேன்.

"எரிமலை பின்வாங்கிடும்" என்றேன். "பருந்துக் கம்பெனி ஒரு தேதி சொன்னா அது தாலி கட்டின மாதிரி. மாறாது."

"பாக்கலாம்யா" என்றான் தேவநாதன். அவனுக்கு வேறு வாதம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அதே பிரவுசிங் சென்டரில்தான் இன்னொரு விஷயமும் படித்தேன். இந்த மாதிரிப் படம் எடுக்கிறவன் டிக்கெட்டைவிட பொம்மையில்தான் அதிகம் சம்பாதிக்கிறானாம். பொம்மை! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உலகமே பொம்மையில் சம்பாதிக்கிறது. பொம்மை ஊரில் பிறந்த நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். தியேட்டர் வாசலில் பீங்கான் பருந்து வீரன்! விருத்தாசலம், நெய்வேலி, கடலூர், அப்புறம் பாண்டிச்சேரி! படம் ஓடுகிற ஊரெல்லாம் என் பொம்மையும் ஓடும்.

ஒரே ஒரு தடை. அம்சவல்லி.

முந்தின வருஷம் கிரிக்கெட் உலகக்கோப்பையை நம்பி, பட்டறை கொள்ளாத அளவுக்குப் பீங்கான் கோப்பை செய்தேன். நம்ம ஆளுங்க முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்றைக்கு அம்சவல்லி திட்டவில்லை, அழவில்லை. ஒரே வார்த்தைதான் சொன்னாள். "இனிமே டிவியில வர்றதையும் சினிமாவுல வர்றதையும் நம்பி ஒரு பொம்மை செஞ்சீங்கன்னா, அதுக்கப்புறம் பட்டறையில என்ன செய்யிறதுன்னு நான்தான் சொல்லுவேன். சூளையில வைக்கறதுக்கு முன்னாடி மூளையில வைங்க."

படத்துக்கெல்லாம் ரிலீஸ் உண்டு. எனக்கு ஆயுள் தண்டனை. ஆனாலும் வீரன் ரசிகன் கோழையாக இருக்கலாமா? ரகசியமாகச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அச்சுக்காரரிடம் போய் மாதிரிப் பொம்மை வடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நான் வூடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"என்னாங்க, புதுசா ஏதோ மாதிரி வடிக்கச் சொல்லியிருக்கீங்களாமே?" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே.

"ஆமா... ஒரு ஆளு பொம்மை."

"றெக்கை வச்சிருக்குதாமே?"

"றெக்கை வச்ச ஆளு."

"றெக்கை வச்ச ஆளு யாருங்க?"

கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என் மூளை பருந்தைவிட வேகமாகப் பறந்தது.

"கருடாழ்வாரு!"

"நெத்தி நிறைய விபூதிப் பட்டை. திடீர்னு கருடாழ்வாரா?"

"அரியும் சிவனும் ஒண்ணு அம்சா. வியாபாரத்துல ரெண்டு பேரும் வேணும்."

"யாரு ஆர்டர் கொடுத்தாங்க?"

"ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு கடைக்காரரு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெருமாள் என்றதும் பக்கத்து ஊர் பெருமாள் கோயில் வாயில் வந்துவிட்டது. அந்த ஸ்ரீமுஷ்ணம்தான் அவளுக்குத் தாய்வீடு. அவள் தம்பி தங்கதுரை அங்கேதான் சன்னதித் தெருவில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறான்.

"எந்தக் கடைங்க?"

"பேரு... கார்டு கொடுத்தாரு. எங்கயோ வச்சிட்டேன்."

"சரிங்க. நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான்! நம்பிவிட்டாள். இவ்வளவு சுலபமாக நம்புவாள் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான புதுசிலிருந்தே பொய் சொல்லியிருப்பேன். எனக்கே கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

களிமண்ணில் மாதிரிப் பொம்மை தயாரானதும் அவளே பார்க்க வந்துவிட்டாள். நல்ல வேலைப்பாடு. விரிந்த இறக்கை, வளைந்த மூக்கு வைத்த முகமூடி, திமிறுகிற மார்பு, இடுப்பில் இரண்டு கை.

"என்னாங்க, கருடாழ்வாரு பேண்டுக்கு மேல ஜட்டி போட்டிருக்காரே?"

"அது ஜட்டி இல்லை, கச்சை. அந்தக் காலத்துல அப்படித்தான்."

"இடுப்புல ஏன் கை வச்சிட்டு நிக்கறாரு?"

"பெருமாளு இன்னும் கிளம்பலை. காத்துக்கிட்டிருக்காரு."

"பெருமாளு எதிர்ல யாராச்சும் இடுப்புல கை வச்சிட்டு நிப்பாங்களா? நானே உங்க எதிர்ல அப்படி நிக்கறதில்லை."

அவள் அப்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நின்றாள். அதை எடுத்துச் சொல்லும் தைரியம் பருந்து வீரனுக்கே கிடையாது.

"கும்பிட்டாப்ல வைக்கச் சொல்லுங்க. கை தனியா நீட்டிட்டு இருந்தா சூளையில ஒடைஞ்சிடும். அந்தக் கச்சையைக் கீழ வரைக்கும் இழுத்துப் பஞ்சகச்சமா விடச் சொல்லுங்க."

கை உடையும் என்பது நியாயமான பேச்சு. ஒத்துக்கொண்டேன். பருந்து வீரன் கும்பிட்டால்தான் என்ன? நம்ம ஊரில் ஓட்டுக் கேட்க வருகிறவன்கூட வீரன் என்றுதான் சொல்லிக்கொள்கிறான், கும்பிடுகிறான். பஞ்சகச்சத்துக்குக் கறுப்பு வர்ணம் அடித்தால் பேண்டு ஆகிவிடும். மூக்கு இருக்கிறது, றெக்கை இருக்கிறது, முகமூடி நான் வர்ணத்தில் கொண்டுவந்துவிடுவேன். எல்லாம் என் திட்டப்படியே போனது.

பொம்மைகள் வெள்ளை வெளேரென்று சூளையிலிருந்து இறங்கின. அணி அணியாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றன. பட்டறையில் வர்ணப் பகுதி அம்சவல்லியுடையது. நாலு பெண்களை வைத்துக்கொண்டு அவள்தான் தீட்டுவாள். வர்ணத்தோடு மறுபடி சூளைக்குப் போய்வந்த பொம்மையில் எந்த மாற்றமும் செய்ய முடியாது. ஏழு ஜென்மத்துக்கும் அதே முகம்தான். அதனால் அவளை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது.

"அம்சா, கொஞ்ச நாள் தாய்வீட்டுக்குப் போயிட்டு வாயேன். பாவம், நீ ஓய்வே எடுக்கறதில்லை."

"வர்ணம்?"

"நான் பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றாள்.

இரண்டாவது தடவையும் நம்பிவிட்டாள். நான் நிம்மதியாகக் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன். தியேட்டர் மேனேஜரிடம் வாசலில் ஒரு மேசை போட இடம் கேட்டேன். பொம்மை வியாபாரம் பற்றி அவருக்கு ஒரு சொற்பொழிவும் செய்தேன். "படம் வந்தா வாங்க சார்" என்றார். வந்தால் என்ன, வந்தால்! சினிமாத் தொழிலில் இருந்துகொண்டு சினிமா தெரியாத மனிதர். கறுப்பு வர்ணம் டப்பா டப்பாவாக வாங்கிக்கொண்டு, அங்கே ஒரு சிநேகிதன் வூட்டில் தங்கிவிட்டு, மறுநாள் திரும்பினேன்.

பட்டறை வாசலில் அம்சவல்லி நின்றுகொண்டிருந்தாள். புடவையில் மஞ்சளும் பச்சையுமாகத் தெறித்திருந்தது.

"நீ ஊருக்குப் போகலை?"

"தம்பியே இங்க வரேன்னுட்டான். சும்மா உக்காந்திருக்க முடியலைங்க. அதான் எல்லாத்தையும் தீட்டி, சூளையில வச்சு எடுத்துட்டோம். வந்து பாருங்க."

உள்ளே போனேன். பச்சை இறக்கை, தங்க நிற மேனி, கழுத்தில் துளசி மாலை, மஞ்சள் பஞ்சகச்சம். என் பருந்து வீரன்கள் அத்தனை பேர் நெற்றியிலும் பளிச்சென்று நாமம். எனக்கும் சேர்த்துப் போட்ட மாதிரி இருந்தது. கறுப்பு வர்ண டப்பாக்கள் கையிலிருந்து நழுவின.

"என்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டுது?"

"பக்தி."

"அது என்னா டப்பா?"

"கேட்டுக்கு அடிக்க."

வூட்டு கேட்டு அன்று சாயங்காலமே கறுப்பாகிவிட்டது. நானேதான் அடித்தேன். அழுகை வந்தது. அதை வர்ண நெடி என்று சமாளித்தேன். ஆனாலும் நான் மனம் தளரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. புதுசாக இன்னொரு சூளைப் பொம்மை சுட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே காலையில் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, தேவநாதன் சைக்கிளில் பறந்து வந்தான். றெக்கை மட்டும்தான் இல்லை.

"பழமலை! தாலி அறுந்துபோச்சுய்யா!"

"யாருக்குய்யா?"

"உன் பருந்துக் கம்பெனி பின்வாங்கிட்டான். எரிமலையோட மோத பயந்துக்கிட்டு படத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டான். இப்பதான் பிரவுசிங் சென்டர்ல பாத்துட்டு வரேன்."

கம்பெனி எனக்குத் துரோகம் செய்துவிட்டது. இத்தனை வருஷமாக டீக்கடையில் அவனுக்காக நான் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன்.

"அது... அது ஒரு தந்திரம்யா. புலி பதுங்குது."

"பருந்து எங்கயாச்சும் பதுங்குமா? சரி, தியேட்டர் வாசல்ல விக்கறதுக்குன்னு பருந்து வீரன் பொம்மை செஞ்சியே, அதெல்லாம் என்னாவறது?"

அவனிடம் மட்டும்தான் இந்த ரகசியத்தைச் சொல்லியிருந்தேன். கண்ணைக் காட்டினேன். காலை மிதித்தேன். அவனுக்குப் புரிவதற்குள், பின்னால் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்த அம்சவல்லி எழுந்து வந்துவிட்டாள்.

"எந்த பருந்து வீரன் அண்ணே?"

"அதான் தங்கச்சி..." என்று தேவநாதன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். வாயைப் பிளந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இனி ஒளிப்பதில் பிரயோசனம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். "அம்சா, ஸ்ரீமுஷ்ணத்துல யாரும் ஆர்டர் கொடுக்கலை."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"நீங்க கருடாழ்வாருன்னு சொன்ன அன்னிக்கே தம்பிக்கு போன் போட்டேன். எந்தக் கடையும் உங்ககிட்ட ஆர்டர் சொல்லலைன்னுட்டான். அப்படின்னா நீ சொல்லுடான்னேன். திருவிழாவுக்கு எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னான். வைக்கோல் வச்சுக் கட்டணும். வண்டி மத்தியானம் வந்துடும்."

"அன்னிக்கே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க." கையிலிருந்த பொம்மையின் இறக்கையை முந்தானையால் துடைத்தாள். "இந்த றெக்கையைப் பாருங்க, எவ்வளவு நல்லா வந்திருக்குது. உங்களுக்குப் பொம்மை செய்ய வரலைன்னு நான் எப்பங்க சொன்னேன்? யாரு வாங்குவாங்கன்னுதான் உங்களுக்குத் தெரியாது."

அவள் அதைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. தேவநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வைக்கோலை அவன் கையில் கொடுத்து, கட்டு என்றேன்.

திருவிழாவில் கருட சேவை அன்று மூன்று பேருமே ஸ்ரீமுஷ்ணம் போனோம். தங்கதுரையின் கடை வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒரு பெரியவர் பொம்மையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இவ்வளவு கம்பீரமா மார்பை நிமித்திட்டு நிக்கற கருடாழ்வாரை நான் பாத்ததே இல்லை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மார்புக்காக நான் எத்தனை படம் பார்த்திருக்கிறேன்! மத்தியானத்துக்குள் பலகை காலியாகிவிட்டது. தங்கதுரை, "மாமா, இன்னும் வேணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

பழைய தெம்பு திரும்பிவிட்டது. தேவநாதனைத் தனியாக அழைத்துப்போய் ஒரு சர்பத் வாங்கிக்கொடுத்தேன்.

"பாத்தியாய்யா? இதான் வியாபார தந்திரம். ரிலீஸ் தேதி தள்ளிப்போச்சுன்னா கம்பெனிக்காரன் கையைப் பிசைவான். நான் ஹீரோவையே மாத்திட்டேன். எதிர்ல போட்டிப் படமே கிடையாது. வருஷா வருஷம் தேதி மாறாம ரிலீஸ். அமெரிக்காக்காரனுக்கு இந்த யோசனை வருமா?"

"வராதுய்யா" என்று ஒத்துக்கொண்டான் தேவநாதன். முதல்முறையாக எதிர்க்கட்சியே என்னை ஆதரித்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். சர்பத் டம்ளரோடு பின்னாலேயே நின்றிருந்தாள் அம்சவல்லி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கோபிக்கவே இல்லை. மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"என்னாங்க, நவராத்திரிக்கு என்கிட்ட என்ன பொய் சொல்லப் போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்களேன். அச்சு போடணும்."