அண்ணனுக்கு ஒரு குழி

கடப்பாறை வளைந்துவிட்டது. ஹுவோத்தர் அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கல்லறைத் தோட்டத்தின் உறைந்த மண்ணைப் பார்த்தார். ஒரு கீறல் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

"மச்சான், இது மண்ணா இரும்பா?" என்றான் செர்கி. ஹுவோத்தரின் மனைவிக்குத் தம்பி. கூட வந்ததே அக்காவின் வாய்க்குப் பயந்துதான்.

"பேசாம இரு மாப்ளே. எங்கண்ணன் இதே மண்ணைத்தான் வெட்டினாரு."

சிக்கலே அதுதான். செத்துப்போன அந்த அண்ணன் ஒண்ட்ரேதான் எங்கள் ஊரின் குழிவெட்டி. கொடுங்குளிரில் யார் கண்ணை மூடினாலும் மறுநாள் காலையில் குழி தயாராக இருக்கும். எப்படி வெட்டுகிறார் என்று ஒருவரும் பார்த்ததில்லை. ஆள் நின்றால் கை ஓடாது என்று எல்லாரையும் விரட்டிவிடுவார். காலையில் போய்ப் பார்த்தால், நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லாமல் தேவாலய வாசலில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்து ஏரிக்கரைகளில்கூட அவர் பேச்சுதான்.

அவருக்கே யார் வெட்டுவது என்று கடையில் எல்லாரும் முழித்தபோது, "நான் வெட்டுறேன்" என்று ஹுவோத்தர் சொல்லிவிட்டார். கடையில் காப்பி குடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிப் பல வருடம். அப்பா வலை போட்ட இடம் யாருக்கு என்று ஏரியில் தொடங்கிய சண்டை. எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் பனிவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒண்ட்ரே மூச்சிரைப்பு நோயில் படுத்த பிறகும், நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே இருந்துவிட்டு, கடைசியில் மூடிய பெட்டியைத்தான் ஹுவோத்தர் பார்த்தார்.

நாளை மதியம் பாதிரியார் வருகிறார். விட்டால் அடுத்த மாதம்தான். அதுவரை ஒண்ட்ரே மீன் கொட்டகையில் கிடக்க வேண்டும்.

"உசிரோட இருக்கும்போதுதான் ஒண்ணும் செய்யலை. இதையாவது ஒழுங்கா செஞ்சு அனுப்பணும்டா," என்றார் ஹுவோத்தர்.

"விறகு போட்டு எரிச்சா மண்ணு இளகாதா?"

"அதுக்கு ரெண்டு நாள் எரியணும். எங்க இருக்கு ரெண்டு நாளு?"

சொல்லிக்கொண்டே தன் பனிவண்டியைப் பார்த்தார். பழைய வண்டி, ஆனால் எஞ்சின் சிங்கம் மாதிரி. வயிற்றுப் பக்கம் இருந்த புகைக்குழாயின் கீழே பனி கரைந்து ஒரு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஹுவோத்தருக்கு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம்.

அரைமணி நேரத்தில் அவர் வீட்டு சவுனா என்கிற நீராவிக் குளியல் கொட்டகை புகைபோக்கியை இழந்து நின்றது. வெட்ட வேண்டிய இடத்தின் மேல் ஒரு கூரைத் தகடு. ஓரமெல்லாம் பனியால் அணைப்பு. புகைபோக்கியின் ஒரு முனை வண்டியின் புகைக்குழாயில், மறுமுனை தகட்டுக்கு அடியில்.

"அக்கா நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தே பொதைச்சிடும்," என்றான் செர்கி.

"குழி இருந்தாத்தானே பொதைக்க முடியும்? முடுக்குடா."

வண்டி நாலு தடவை இருமி அணைந்துபோனது. போன புகைக்கு வெளியேற வழி இல்லை. சரியென்று தகட்டின் ஓரத்தில் ஓர் ஓட்டை போட்டார்கள். வண்டி ஓடியது. நீலப் புகை சுருள் சுருளாக எழுந்து நேராகத் தேவாலயச் சுவரில் போய் மோதியது.

அப்போதுதான் தோம்னா அக்கா வந்தார். தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர், பக்கத்து வீட்டுக்காரர். தொண்டையில் அறுவை நடந்ததிலிருந்து அவர் குரல் கொசு பாடுகிற அளவுக்குத்தான் வரும். துடைப்பத்தைத் தேவாலயத்தின் பின்சுவர்ப் பக்கம் நீட்டி நீட்டி ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

"நிறுத்திட்டு என்னன்னு கேளு மச்சான்."

"கேக்க என்ன இருக்கு? சுவரெல்லாம் கரியாகுதுங்குறாங்க. நியாயம்தானே?" ஹுவோத்தர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து, அக்காவின் தோளைப் பிடித்துப் பக்குவமாக வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பிறகு ஓட்டையை அடைத்து, எதிர்ப்பக்கம் வேறு ஓட்டை போட்டார். காற்றும் திரும்பியது. இப்போது புகை முழுக்கச் செர்கியின் முகத்துக்கு வந்தது.

நெடுநேரம் கழித்துத் தகட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். மண் லேசாகக் கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் வந்தது. நகம் போன ஆழத்துக்கு மட்டும்.

"சூடு பத்தலை. சைலன்ஸர்லயே பாதிச் சூடு போயிடுது," என்றார் ஹுவோத்தர். "கழட்டு அதை."

"மச்சான், ஊரே அதிரும்."

"அதிரட்டும்."

அதிர்ந்தது. ஏரிக்கு அக்கரையில் நாய்கள் குரைத்தன. இருவரும் காதடைப்பான் மாட்டிக்கொண்டு சைகையில் பேசினார்கள். சைலன்ஸர் இருந்த இடத்திலிருந்து புகைபோக்கிவரை ஹுவோத்தர் மீன் டப்பாத் தகடுகளைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். அது சிவக்கத் தொடங்கியது.

தோம்னா அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை சுவரைக் காட்டிவிட்டு, இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினார். ஹுவோத்தரின் மார்பில் ஒரு குத்து குத்தினார். மறுபடி இரண்டு விரல்.

செர்கி காதடைப்பானைத் தூக்கிக்கொண்டு கத்தினான். "ரெண்டு மணிக்குள்ள முடிக்கணுமாம்!"

ஹுவோத்தர் தலையை ஆட்டினார். "அதில்லடா. ரெண்டே பேர் பொறந்தீங்களே, கடைசியில ஒரு தடவை வந்து பாத்தியான்னு கேக்குறாங்க."

"வண்டியை நிறுத்திப் பதில் சொல்லிடேன்!"

"என்னன்னு சொல்றது? எனக்கு அதுக்குத் தெம்பில்லை."

அக்காவை மறுபடி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். பனிக்காற்று என்று செர்கியிடம் சொன்னார், செர்கியும் நம்புகிற மாதிரி இருந்துகொண்டான்.

சத்தமாவது குறையட்டும், அந்த அம்மாளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, ஹுவோத்தர் இன்னொரு வேலை செய்தார். புகைபோக்கியை வளைத்து, பெரிய பனிக்குவியல் ஒன்றுக்குள் நுழைத்து, அந்தப் பக்கமாகத் தகட்டுக்கு அடியில் விட்டார். சத்தம் கொஞ்சம் அடங்கியது. "பாத்தியா?" என்று கையை விரித்தார்.

பனிக்குவியல் உள்ளுக்குள்ளேயே உருகியது. உருகிய தண்ணீர் சத்தமில்லாமல் தகட்டுக்கு அடியில் ஓடியது. அவர்கள் திறந்து பார்த்தபோது, வெட்ட வேண்டிய இடம் முழுக்கக் குளம். திறந்ததுதான் தாமதம், குளம் உறையத் தொடங்கியது. முன்பு வெறும் மண்தான் இறுகிக் கிடந்தது. இப்போது அதன் மேல் பளபளவென்று ஒரு பனிக்கட்டிப் பாளம் வேறு.

"நாளைக்குப் பாதிரியார் வந்து சறுக்கி விளையாடலாம்," என்றான் செர்கி.

ஹுவோத்தர் சிரிக்கவில்லை. கட்டிமேல் மண்டியிட்டு உட்கார்ந்தார். "அண்ணே, மன்னிச்சுக்கோ அண்ணே," என்றார். பிறகு எழுந்து, தகட்டைத் திரும்பப் போட்டு, வண்டியின் விசையை முழுக்க முறுக்கினார்.

பனிவண்டி ஓடும்போது அடிப்பட்டை வாரியடிக்கிற பனிதான் எஞ்சினைக் குளிர்விக்கும். நின்ற இடத்தில் உறுமினால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். ஹுவோத்தருக்கும் தெரியும். சிவப்பு விளக்கு எரிந்தது. செர்கி மண்வாரியால் பனியை அள்ளி அள்ளி வண்டிக்கு அடியில் போட்டான். வண்டியின் பிளாஸ்டிக் மேல்மூடி மெழுகு மாதிரி தொங்கியது. தகட்டின் ஓரத்தில் கட்டி உருகி ஒரு கையளவு மண் தெரிந்தது. "வருது! வருது!" என்று ஹுவோத்தர் கத்தினார்.

தோம்னா அக்கா மூன்றாவது முறையாக வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய்த் துடைப்பத்தின் கட்டையால் வண்டியின் மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

அந்த அடியாலா, சூட்டாலா தெரியாது. உள்ளே 'டங்' என்று ஏதோ இறுகியது. வண்டி ஒருமுறை துள்ளி நின்றுபோனது. புகைபோக்கி கழன்று விழுந்து பனியில் சீறியது. அதன் பிறகு ஊரில் ஒரு சத்தமும் இல்லை.

ஹுவோத்தர் காதடைப்பானைக் கழற்றினார். அப்படியே பனியில் உட்கார்ந்தார்.

"திட்டுங்கக்கா. எல்லாத்தையும் சேத்துத் திட்டிடுங்க. பாக்க வரலை. வலையிடத்தை விட்டுக் குடுக்கலை. ஒரு குழி வெட்டக்கூட எனக்குத் துப்பில்லை."

"யாருடா உன்னைத் திட்ட வந்தா?" தோம்னா அக்காவின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. "காலையிலேர்ந்து நாய் மாதிரி கத்துறேன். கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் வீட்டுல விடுறியே, என்னைக் கிறுக்கின்னு நெனச்சியா? எந்திரி. வா இப்படி."

தேவாலயத்தின் பின்சுவர் ஓரமாகப் போய்ப் பனியைக் கூட்டத் தொடங்கினார். பனிக்கு அடியில் பாசி. பாசிக்கு அடியில் பலகை. ஹுவோத்தரும் செர்கியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கீழே ஆளுயரத்துக்கு ஒரு குழி. நாலு மூலையும் நூல் பிடித்த மாதிரி. அடியில் காய்ந்த மணல்.

"அக்கா, இது..."

"நீங்க எல்லாரும் இலையுதிர் காலத்துல மந்தையில அவங்கவங்க மானைப் பிரிக்க மலைக்குப் போயிடுவீங்கல்ல? அப்ப வெட்டுவான். மண்ணு வெண்ணெய் மாதிரி இருக்கும். வருஷா வருஷம் ஒண்ணு வெட்டி மூடி வச்சிடுவான், யாருக்காச்சும் ஆகும்னு. ஒரு குழி பத்தாமப் போன வருஷத்துல அவன் பட்ட பாட்டைக் கேக்காதே. காப்பி குடுத்தது நான். வெளிய சொல்லிடாத, ஊர்ல மரியாதை போயிடும்னான்."

செர்கிக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். ஹுவோத்தர் குழியின் ஓரத்தில் கை வைத்து, அண்ணன் மண்வெட்டி போன தடத்தைத் தடவிப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று செர்கி பிறகு கடையில் சொன்னான்.

"நாளைக்கு அண்ணன் கௌரவமாப் போவாரு," என்றார் ஹுவோத்தர். "அது போதும் எனக்கு."

செர்கி காலால் பக்கத்துப் பனியைத் தட்டினான். கட்டையில் தட்டுகிற சத்தம் கேட்டது. "அக்கா, வருஷத்துக்கு ஒண்ணுன்னீங்க. இங்க இன்னொரு பலகை இருக்கே?"

தோம்னா அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ஹுவோத்தரைப் பார்த்தார்.

"அது இவனுக்கு. 'நான் போயிட்டா எந்தம்பிக்கு வெட்ட ஊர்ல ஆள் கிடையாது, அவனும் எம்பக்கத்துலயே கெடக்கட்டும்'னு சொல்லி, அந்த மூச்சிரைப்போட இதைத்தான்டா முதல்ல வெட்டினான்."