செல்வம்மாள் உட்கார்ந்த பக்கம்

ராஜகீழ்ப்பாக்கம்
14.3.2003

மரியாதைக்குரிய மச்சான் ஜீவானந்தம் அவர்களுக்கு, மாப்பிள்ளை தனசேகர் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கையும் சுகம். மறைமலை நகரில் உங்கள் இரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என்னுடையது ஏறிவிட்டது.

ரிட்டயர் ஆனவன் சும்மா இருக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கடற்கரையில் சமாதானக் கமிட்டிக்குக் குறிப்பெழுதப் போனேன். வலைத் தகராறில் வடக்குக் குப்பமும் தெற்குக் குப்பமும் மண்டையை உடைத்துக்கொண்டு, இந்த ஊர்க்காரர் அந்த ஊரில் கால் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டு மாசக்கணக்காகியிருந்தது. தாசில்தார் சத்யப்ரியா மேடம் வந்து, சமாதானப் பேச்சில் பெண்களும் உட்கார வேண்டும் என்று ஐ.நா. சபையே தீர்மானம் போட்டிருக்கிறது, பெண்கள் கையெழுத்தில்லாத முடிவை நான் ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளிப் பெண் வந்தால் வாயாடுவாள், நம் வீட்டுப் பெண் அடங்கி உட்காருவாள் என்று கணக்குப் போட்டு, வடக்குத் தலைவர் ரங்கன் தன் மனைவி செல்வம்மாளையும், தெற்குத் தலைவர் குப்பன் தன் மருமகள் தீபலட்சுமியையும் அனுப்பினார்கள். தீபலட்சுமி யார்? செல்வம்மாள் பெற்ற மகள்! எதிர்ப்பக்கம் யாரை அனுப்புகிறது என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பேச்சே இல்லாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

கமிட்டி கூடிய தகரக் கொட்டகையில் நான் அந்த ஐ.நா. தீர்மானத்தைத் தமிழில் வாசிக்கத் தொடங்கினேன். தீபலட்சுமி நிறைமாத வயிற்றோடு உள்ளே வந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டியவள், கட்டுப்பாட்டால் போக முடியாமல் கிடந்தவள். செல்வம்மாள் எழுந்தார், நடுவில் நின்ற போலீஸ்காரரை நகர்த்திவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இன்னாடி, இப்டி எளச்சிப் போய்கீறே?"

"ஏம்மே, அது அவுங்க சைடு!" என்றார் ரங்கன்.

"இருக்கட்டும். எம் பொண்ண வூட்டுக்கு இட்டுகினு போறேன்னு மொதல்ல எழுது சார். கட்டுப்பாட்ட எடுக்காத வரிக்கும் நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட மாட்டோம்."

கையெழுத்துப் போடு என்பதுபோல் குப்பன் மருமகளை முறைத்தார். "கை வலிக்குது மாமா" என்றாள் அவள்.

மச்சான், எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. எங்கேயோ அமெரிக்காவில் கோட்டு சூட்டு போட்டவர்கள் கை தூக்கினார்கள், இங்கே தகரக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள்! கட்டுப்பாடு அன்றைக்கே நீங்கியது. அவளை ஆட்டோவில் ஏற்றும்போது குப்பன்தான் ஓடிப்போய்த் தலையணை கொண்டுவந்து கொடுத்தார். என் கண் கலங்கிவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோர் வீட்டுச் சண்டையையும் குன்றத்தூர் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் மாப்பிள்ளை,
தனசேகர்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். பெயர் வைப்பது எங்கள் ஊர்க் கோயிலில்தான் என்று இரண்டு குப்பத்து ஆண்களும் மறுபடி கம்பைத் தூக்கிவிட்டார்கள். நாளைக்குப் பேச்சுவார்த்தை. இந்தத் தடவை கமிட்டி முழுக்கப் பெண்கள். ஆண்களுக்கும் ஓர் இடமாவது ஒதுக்க வேண்டும் என்று ரங்கனும் குப்பனும் ஒன்றாக வந்து மனுக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கலாம் என்று செல்வம்மாள் சொல்லியிருக்கிறார்.