உண்ணி கடித்தது என்னையல்ல

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. உங்கள் நலம், என் மகள் நலம், பேரன் நலம் எல்லாவற்றையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். என் நலம்தான் தகராறில் இருக்கிறது.

காய்ச்சல் விட்டு நாளாயிற்று. முதலில் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமில்லை. "சீக்கிரம் எடுத்துட்டோம் சார், உடம்பு ஆன்டிபாடி செய்ய நாளாகும், இன்னொரு தடவை வாங்க" என்று லேப் டாக்டரம்மா சொன்னதால் மறுபடி போய்க் கையை நீட்டித் தொலைத்தேன். ஆன்டிபாடி எகிறிவிட்டதாம்! அதுவும் காட்டு உண்ணி கடித்து வரும் வைரஸுக்கு. கொசுக் காய்ச்சலாக இருக்கும் அம்மா, எங்கள் வீட்டுக் கொசுவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று கெஞ்சினேன். "ரெண்டு வைரஸும் பங்காளிங்கதான் சார், டெஸ்ட் சில சமயம் ஒன்னைப் பார்த்து இன்னொன்னுன்னு ஏமாறும். அதுக்குத்தான் வேற டெஸ்டும் வெச்சுப் பார்த்தோம். உண்ணியேதான். காட்டுப் பக்கம் எதுக்குப் போறீங்க?" என்றார்.

வீட்டைச் சுற்றி உண்ணி இருந்தால் குழந்தையை அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் போனில் சொன்னது நியாயம். ஆனால் காடு பாலத்துக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? ரிட்டயர் ஆனதிலிருந்து நான் பாலத்தைத் தாண்டியதே இல்லை. பேரன் முகத்தைக்கூட இன்னும் பார்க்காதவன் காட்டில் யாரைக் கொஞ்சப் போகிறேன்? இதை நான் டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, லேப் பெஞ்சில் ரத்தம் கொடுத்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த, காட்டோரத்து விறகுக்காரர் திரும்பி, "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? தினம் மத்தியானம் எங்க பக்கம்தானே வர்றீங்க. கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்கறீங்களே" என்றார். மத்தியானம் நான் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவன், மாப்பிள்ளை! தெருவுக்கே குறட்டை கேட்கும்.

தூக்கத்தில் நடக்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் மாடி வீட்டு டீச்சரம்மாவை எதிரே உட்காரவைத்துவிட்டுத் தூங்கினேன். விழித்ததும், "நீங்க அசையவே இல்ல சார்" என்றார். துள்ளிக் குதித்தேன். அவர் முகம் மட்டும் வெளுத்திருந்தது. "உங்களுக்குப் பின்னால ஜன்னல்ல பாலம் தெரியுதில்ல சார், அதுல போனதும் நீங்கதான்."

பயமாக இருக்கிறது. ஆனால் நீங்களே யோசியுங்கள், காட்டுக்குப் போகிறவன் யாரோ, வீட்டில் இருப்பவன் நான். அவனைக் கடித்தால் என் ரத்தத்தில் ஏன் தெரிகிறது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "ரெஸ்ட் எடுங்க சார்" என்கிறார். வீட்டில் ஒரு உண்ணி கிடையாது. மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டியாயிற்று. தயவுசெய்து பேரனை அனுப்புங்கள்.

மூவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நாற்காலியை விட்டு நகராத
மாமனார்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். உங்களிடம் சொல்லாமல் உங்கள் மனைவி குழந்தையோடு கிளம்பி வந்திருக்கிறாள். இப்போதுதான் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள். "ஏம்ப்பா, நான் பெட்டியை இறக்கறதுக்குள்ள குழந்தையைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டீங்களே. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்களா?" மத்தியானம் முழுக்க நான் இங்கே உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளை. பாலத்துக்கு ஓடுகிறேன்.