மாருதியில் ஏறிய எழுபது கிலோ

ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனிக்குள் நுழைகிற எவரும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. நீல நாடா என்றால் பர்மனென்ட். மஞ்சள் நாடா என்றால் கான்ட்ராக்ட். கேன்டீனில் நீலத்துக்கு ஆம்லெட் உண்டு, மஞ்சளுக்கு ஆம்லெட் வாசனை உண்டு. இதனால் யாருக்கும் மனக்கசப்பு இருப்பதாக நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்ததே இல்லை.

மாதவன் மஞ்சள். நானும் மஞ்சள்தான், என் கதை கிடக்கட்டும். அவன் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன். பெண்டாட்டி வினிதாவைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பினான். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, இப்போது நடக்கவே ஆரம்பித்துவிட்டது. மாமனார் மட்டும் அனுப்புகிற வழியைக் காணோம்.

"பர்மனென்ட் ஆர்டரைக் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க மாப்ள. நாளைக்கு வேலை இல்லேன்னு சொல்லிட்டா எம்பொண்ணு அந்த ஊர்ல என்ன செய்வா?" என்று போனில் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார். மனுஷன் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் மாதவனுக்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு மோஸ்தர் வரும். ஒரு வருஷம் சிரிப்பு யோகா. லேத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் ஹாஹா என்று சிரிக்க வேண்டும், சிரிக்காதவனுக்கு மெமோ. அடுத்த வருஷம் ஜப்பான் முறை. துடைப்பத்துக்குக்கூட மஞ்சள் கோடு போட்டு இடம் ஒதுக்கினார்கள், அதைப் பிடித்துப் பெருக்குகிற நாகம்மாவுக்கு உட்கார இடம் கிடையாது. இந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்து ஆறில், பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து, தொழிலாளர்களிடம் வேகம் போதவில்லை, கார் பந்தயம் வையுங்கள் என்று ஆலோசனை வழங்கிவிட்டுப் போனார்.

ஹெச்.ஆர். மேனேஜர் சென்னகிருஷ்ணன் கேட் மீட்டிங்கில் அறிவித்தார். "பிரிவுக்கு ஒரு கார். பழைய வண்டியை நீங்களே தயார் பண்ணிக்கணும். முதல்ல வர்ற கான்ட்ராக்ட் டிரைவருக்கு டெஸ்டிங் பிரிவுல பணி நிரந்தரம்!"

அன்றைக்கு ராத்திரியே மாதவன் மாமனாருக்குப் போன் போட்டுவிட்டான்.

விரிவாக்கத்துக்கு என்று வாங்கிப் போட்டு, விரிவாக்கம் வராமல் எருமை மேய்ந்துகொண்டிருந்த பின்பக்க நிலம்தான் பந்தய மைதானம். சூளகிரி பக்கம் ஒரு பழைய மாருதி கிடைத்தது. சீட்டு, கதவு மெத்தை என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு லேசாக்கினோம். அங்கேதான் வினை. பாதுகாப்பு அதிகாரி ராஜேஷ்குமார் இன்டர்நெட்டில் எந்த நாட்டு விதியையோ இறக்கித் தமிழாக்கம் செய்து வைத்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, தலையில் வெள்ளை ஹெல்மெட், அடையாள அட்டை மட்டும் எப்போதும் சட்டைப் பைக்குள். அதிகாரி ஆயிற்றே, எங்களைப்போலத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவாரா என்று நினைத்துக்கொள்வோம்.

"டிரைவரோட சேர்த்தும் விதியில சொன்ன எடைக்கு எழுபது கிலோ குறையுது. ஈடுசெய் எடை வைக்கணும்."

"டிக்கியில ரெண்டு சிமென்ட் மூட்டையப் போட்டுரலாம் சார்" என்றான் மாதவன்.

அவர் விதியை வாசித்தார். "ஈடுசெய் எடையானது ஒரே பொருளாக இருத்தல் வேண்டும். ஸ்பேனரின்றிக் கழற்ற இயலாதவாறு வண்டியின் தரையோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பரிசோதகர் அதனைக் காலால் உதைத்து, அசையாமையை உறுதிசெய்தல் வேண்டும்."

பர்கூரில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிற பட்டறையில் தெரிந்தவர் ஒருவர் கருங்கல் துண்டு கொடுத்தார். சரியாக எழுபது கிலோ. ஓட்டை போட்டு, நாலு போல்ட் ஏற்றி, தரையோடு இறுக்கினோம். யானை வந்து தள்ளினாலும் அசையாது. எல்லாம் முறைப்படி முடிந்தது. மறுநாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜையன்று நாகம்மா குங்குமக் கிண்ணத்தோடு புறப்பட்டாள் என்றால் கண்ணில் பட்டது எதையும் விடமாட்டாள். லேத், டிரில்லிங் மெஷின், ஃபயர் பக்கெட், மேனேஜர் ரூம் ஏசி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. மாருதிக்கும் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால் கருகருவென்று பளபளப்பாக ஒரு கல். விடுவாளா? மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், மேலே ஒரு முழம் கனகாம்பரம். கற்பூரம் காட்டினாள். நாங்களும் வரிசையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

பந்தயத்தன்று காலையில் ராஜேஷ்குமார் பூட்ஸ் காலோடு பரிசோதனைக்கு வந்தார். காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"ஐயய்யோ தேவுடா!" என்று நாகம்மா ஓடி வந்தாள். "சாமிய உதைக்கிறியா சார்? புள்ளகுட்டிக்காரன் நீ!"

"இது ஈடுசெய் எடைம்மா!"

"நேத்து வரைக்கும் எடை. பொட்டு வெச்சாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. இப்ப சொல்லு பாக்கலாம் எடைன்னு!"

அவர் காலை மெதுவாக இறக்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். சென்னகிருஷ்ணன் தலைமையில் அவசர ஆலோசனை நடந்தது. தெய்வத்தை உதைக்க முடியாது. உதைக்காததை எடை என்று கணக்கில் எடுக்க முடியாது. ஆகவே வண்டியில் எடை இல்லை, சாமிதான் இருக்கிறது என்று முடிவாயிற்று.

"அப்ப கல்லைக் கழட்டிட்டு வேற எதையாவது வைக்கட்டும்" என்றார் சென்னகிருஷ்ணன்.

ஸ்பேனரைக் கையில் எடுக்க ஓர் ஆளும் வரவில்லை. "நீங்களே கழட்டுங்க சார்" என்றதும் அவருக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது.

மாதவன் முகம் செத்துப்போய்விட்டது. "அண்ணே, வினிதா பஸ்ஸுக்கு டிக்கெட்டே எடுத்துட்டாளாம்ணே" என்றான் என்னிடம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விதிப் புத்தகத்தையே கற்பூரத்தில் காட்டியிருப்பேன்.

அப்போது நாகம்மாதான், எடை பார்க்க மைதானத்தில் வைத்திருந்த தராசுப் பக்கம் கையை நீட்டினாள். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காலையில் ராஜேஷ்குமாரே அதில் ஏறி நின்று, எழுபது கிலோ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு ஒட்டி வைத்திருந்தார். மைதானத்தில் சான்றளிக்கப்பட்ட எழுபது கிலோ அவர் ஒருவர்தான். ஒரே பொருளாகவும் இருந்தார்.

"நான் மனுஷன்யா!" என்றார்.

"விதியில மனுஷன் கூடாதுன்னு இருக்கா?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன். புரட்டிப் பார்த்தார்கள். இல்லை.

கேன்டீன் இரும்பு நாற்காலியைக் கல்லுக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு இறுக்கி, அதில் அவரை உட்கார வைத்து, கிரேன் பெல்ட்டால் சுற்றி, இரண்டு முனைக்கும் நட்டு முடுக்கினோம். நெஞ்சில் 'எடை' என்று சிவப்புச் சீட்டு ஒட்டினோம். உதைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது மூன்று ஷிஃப்டும் சேர்ந்து கை தூக்கியது. கம்பெனி வரலாற்றில் அப்படி ஓர் ஒற்றுமையை யாரும் பார்த்ததில்லை. தோளில் தள்ளிப் பார்த்தால் போதும் என்று சென்னகிருஷ்ணன் தளர்வு வழங்கினார்.

முந்தின நாள் மழை. சேறென்றால் சேறு. லேசான வண்டிகள் எல்லாம் முதல் வளைவிலேயே வழுக்கி, ஒன்று வேலியில், ஒன்று பள்ளத்தில், ஒன்று எருமைக்கு முன்னால் போய் மரியாதையாக நின்றன. எங்கள் மாருதி மட்டும் சாமியையும் அதிகாரியையும் சுமந்துகொண்டு தரையை விட்டு எழும்பாமல் ஊர்ந்தது. "பிரேக்! பிரேக் போடுய்யா! மெதுவா! லெஃப்ட்ல திருப்பு!" என்று ராஜேஷ்குமார் போட்ட கூச்சல் மைதானம் முழுக்கக் கேட்டது. வண்டி முதலாவதாக வந்தது. மாதவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். ஸ்பேனரைத் தேடி ராஜேஷ்குமாரை அவிழ்க்க மேலும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் ஆர்டர் வாங்கப் போன மாதவனோடு நானும் போனேன்.

"ஒரு சந்தேகம் இருக்கே" என்றார் சென்னகிருஷ்ணன். "வண்டியில ரெண்டு பேர். ஒருத்தர் திருப்பு, நிறுத்துன்னு உத்தரவு போட்டிருக்கார். இன்னொருத்தர் அதைச் செஞ்சிருக்கார். இந்தக் கம்பெனியில உத்தரவு போடுறவர்தான் வேலை செஞ்சவர். அப்ப டிரைவர் யாரு?"

"சார், அவரு வெறும் எடை சார்!"

"அதை அவரே எழுதிக் குடுக்கட்டும். உனக்கு உடனே ஆர்டர்."

இவ்வளவுதானே என்று ராஜேஷ்குமாரிடம் ஓடினோம். மாதவன் காலில் விழாத குறை. வினிதா, பிள்ளை, மாமனார் என்று ஒன்றுவிடாமல் சொல்லி அழுதான். அவர் கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை உருவினார். நாடாவும் கூடவே வந்தது.

மஞ்சள்.

"அடுத்த மாசம் எனக்கு ரினீவல்" என்றார் மெல்ல. "ஆள் குறைக்கிறதுக்குப் பெங்களூர்ல பட்டியல் போட்டுட்டு இருக்காங்க. 'நான் இந்தக் கம்பெனியில வெறும் எடை'ன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா முதல் பேரு யாருது தம்பி?"

மாதவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தான். நானும் பின்னாலேயே வந்தேன்.

கல்லைக் கழற்ற ஆள் கிடைக்காததால் மாருதியைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, மேலே தகரக் கூரை போட்டார்கள். கம்பெனியின் நிலையான சொத்து என்று கல்லுக்கு நம்பர் தகடும் அடித்தாயிற்று. நாகம்மா எங்கிருந்தோ ஒரு நீல நாடா கொண்டுவந்து கல்லில் கட்டினாள். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? பர்மனென்ட் வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். எலுமிச்சம்பழ மாலையோடு ராஜேஷ்குமார் வருகிறார், வெறுங்காலோடு. போன வாரம் சென்னகிருஷ்ணனே தேங்காயோடு வந்து நின்றார். ஆள் குறைப்புப் பட்டியலில் நீல நாடாக்களும் இருக்கின்றனவாம்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, கற்பூரம் காட்ட நிர்வாகம் ஒரு ஆளை நியமித்தது. கான்ட்ராக்டில்தான். அது மாதவன்.

விஷயம் கேள்விப்பட்டு அவன் மாமனார் நேரில் வந்துவிட்டார். கல்லின் நீல நாடாவைப் பார்த்தார். தட்டோடு நின்ற மருமகனின் மஞ்சள் நாடாவையும் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நான் நடுவில் போனேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எம்மவனும் எங்க ஊர்ல ஒரு மில்லுல கான்ட்ராக்ட்டுதாங்க" என்றார். "வெளியூர்க்காரங்களுக்கும் பலிக்குமா?"