வராதவர்கள் குணமடைந்தவர்கள்

துயரத்தை ஒழிக்க மனிதகுலம் எத்தனையோ யுகங்களாக முட்டிமோதிப் பார்த்தது. ஞானிகள் வீட்டை விட்டு ஓடினார்கள். மன்னர்கள் போருக்குப் போனார்கள். கவிஞர்கள் தங்கள் துயரத்தை எழுதி மற்றவர்களுக்கும் ஒட்டவைத்தார்கள். யாருக்கும் கைவராத அந்தக் காரியத்தை ஒரு பல்கலைக்கழகம் ஆறே அமர்வுகளில் முடித்துக்காட்டியது என்றால், அந்தப் பெருமை அதன் 'குறுகியகால மனநல மேம்பாட்டு மைய'த்தையே சேரும்.

மையம் என்றால் ஓர் அறை. அறை என்றால், பழைய விடைத்தாள்களைக் கொட்டிவைத்திருந்த கிடங்கில் பாதி. மனம் நொந்து வரும் மாணவர்கள், தாங்கள் தோற்றுப்போன தாள்கள் மறுபாதியில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதைப் பார்த்தபடியே மனம் திறக்கலாம்.

மையத்தின் தலைவர், துணைத்தலைவர், ஊழியர், மேசை துடைப்பவர் எல்லாம் ஒருவரே: ஆலோசகர். ஐம்பதைத் தொட்டவர். முனைவர் பட்டம் வாங்கியது எலிகளின் ஞாபகசக்தியை ஆராய்ந்து. எலிகள் எதிரே உட்கார்ந்து அழுததில்லை. ஆகவே யாராவது அழுதால் டிஷ்யூ பெட்டியை ஓரங்குலம் நகர்த்திவைப்பதோடு அவருடைய சிகிச்சை முறை முடிந்துவிடும். அதுபோக அவரிடம் இருந்த ஒரே கருவி 'ம்ம்'. சாதாரணத் துயரத்துக்குக் குட்டையான ம்ம், பெருந்துயரத்துக்கு நீளமான ம்ம். இந்தக் கருவிமேல் அவருக்கே பெரிய மரியாதை கிடையாது. அவர் மனைவிக்கோ அறவே கிடையாது. ஏதாவது சொல்லத் தொடங்குமுன்பே எச்சரித்துவிடுவாள்: "இங்க பாருங்க, அந்த ஆபீஸ் ம்ம் எல்லாம் என்கிட்ட வேண்டாம்."

ஆனாலும் மையத்தின் வெற்றி விகிதம் கேட்டவர் வாயைப் பிளக்கும்படி இருந்தது. காரணம் விதிமுறை. ஆறு அமர்வையும் முடித்தவர் குணமடைந்தவர். ஏனென்றால் ஏழாவது கிடையாது. நடுவிலேயே நின்றவர் 'விரைவாகக் குணமடைந்தவர்', குணமாகாவிட்டால் வந்திருப்பாரே. இந்த இரண்டாவது வகை பதிவாளரின் கண்டுபிடிப்பு. "ஆஸ்பத்திரிக்கு யார் வர்றாங்க? நோயாளி. அப்போ வராதவன் யாரு?" என்று அவர் ஒரு கூட்டத்தில் கேட்டதும் அவை மெய்மறந்து தலையாட்டியது. ஆலோசகரும் ஆட்டினார். வராதவன் வேறெங்காவது போயிருக்கலாமே என்று ஒரு கணம் நெஞ்சில் நெருடியதுதான். அதற்குள் பிஸ்கட் தட்டு அவர் பக்கம் வந்துவிட்டது.

இந்த மகத்தான சாதனையை நேரில் காண ஓர் உயர்மட்டக் குழு வருவதாகச் செய்தி வந்தது. குழுவின் முன் நிறுத்த, குணமான மாணவர் ஒருவர் வேண்டும், சிரித்த முகமாக இருந்தால் விசேஷம் என்று பதிவாளர் உத்தரவிட்டார்.

ஆலோசகர் யோசித்தார். முறை வரக் காத்திருந்து ஆறு அமர்வை முடிப்பதற்குள் மாணவர்களுக்குப் படிப்பும் முடிந்துவிடும். அவர்களெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கையில் இருந்தவர்கள் விரைவாகக் குணமடைந்தவர்கள் மட்டுமே. அவர்களில் ஒருத்தியின் முகம்தான் அவருக்கு நினைவில் இருந்தது. வேதியியல் மாணவி. காலையில் எழுந்து பல் தேய்ப்பதே மலையேறுகிற மாதிரி இருக்கிறது, தேய்த்து யாரைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்டவள். அதற்கு அவர் நீளமான ம்ம் போட்டார். அடுத்த வாரம் அவள் வரவில்லை. 'விரைவாகக் குணம்' என்று பதிந்துவிட்டு, மிச்சமான நேரத்தில் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பினார். அதில் இரண்டு கட்டம் வரவில்லை என்று அன்று முழுக்க வருத்தப்பட்டார்.

வீட்டிலிருந்து அவளுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தார். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி யாருக்கு என்று கேட்டாள். சொன்னார்.

"எத்தனை நாளா வரல?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா என்ன ஏதுன்னு கேக்கலையா?"

"குணமாயிட்டான்னு..."

"யார் சொன்னது, அவளா?"

அந்த மாணவி கடைசியாகச் சொன்னதை ஆலோசகர் முதல்முறையாக, ம்ம் கலக்காமல், மனதுக்குள் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

விடுதிக் காப்பாளர் அம்மா, அந்தப் பெண் அறையை விட்டு வருவதே இல்லை, சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்புகிறது என்று சொல்லி, அவளை அழைத்துவரப் போனார். பார்வையாளர் அறையில் நின்ற அந்தச் சில நிமிடங்களில் ஆலோசகர் தமக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களிடமும் பேரம் பேசிவிட்டார். அவள் வந்தாள். தலை வாரவில்லை. ஸ்வெட்டரை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. 'அப்பாடா, குழுவுக்கு ஆள் கிடைத்தாயிற்று' என்ற எண்ணமும் அதன் முதுகை ஒட்டியே வந்து நின்றது. அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"சார், நீங்களா? என்னைப் பாக்கவா வந்தீங்க?"

"ஆமாம்மா."

பாதி உண்மைதான். அவள் முழுசாக எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்து அழுதாள். நகர்த்திவைக்கப் பெட்டி எதுவும் இல்லாததால் அவர் தம் கைக்குட்டையைக் கொடுத்தார். அவள் பேசினாள். நடுவில் அவர் கேள்விகள்கூடக் கேட்டார். எலிகளை விட்ட பிறகு அவர் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான் என்று அவருக்கே தோன்றியது. அந்தச் சமயம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தால், பதிவாளர். ஆள் கிடைத்தாரா என்று அவர் கேட்ட குரல் அறை முழுக்கக் கேட்டது.

அவள் கைக்குட்டையை நாலாக மடித்துத் திருப்பித் தந்தாள்.

"எதுக்கு சார் ஆளு?"

அவர் குழுவைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார். வரக் கட்டாயமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

"இல்ல சார். வர்றேன்."

குழு வந்த நாளில் அவள் தலை வாரி, ஸ்வெட்டரை நேராகப் போட்டு வந்திருந்தாள். பதிவாளர் அவளைத் தம் சொந்த மகளைப் போல நாற்காலியில் அமர்த்தினார். எந்த உத்தி பலன் தந்தது, நேர்மறைச் சிந்தனையா, மூச்சுப் பயிற்சியா என்று குழுத் தலைவர் பேனாவைத் திறந்தபடி கேட்டார்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டுமில்ல சார். ஒரு நாள் இவர் ஹாஸ்டலுக்கே வந்து, எப்படி இருக்கேன்னு கேட்டார். அன்னிக்குச் சாயங்காலம் சாப்பிட்டேன்."

குழு நெகிழ்ந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படிப்பட்ட ஆலோசகரைப் பெற நிறுவனம் தவம் செய்திருக்க வேண்டும் என்றார். பதிவாளர் அந்தத் தவத்தைத் தாமே செய்ததுபோல் தலை குனிந்தார். ஆலோசகர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இந்த மையத்துக்கு இன்னும் என்ன செஞ்சா நல்லதுன்னு நீ நினைக்கிறேம்மா? ஏசி? புது கட்டடம்? தயங்காம சொல்லு" என்றார் குழுத் தலைவர்.

"அதெல்லாம் வேண்டாம் சார்," என்றாள் அவள். "நீங்க மட்டும் வாராவாரம் வாங்க. நீங்க வர்றீங்கன்னாத்தான் இவர் என்னைத் தேடிக்கிட்டு வருவார்."