மாமாவின் ஐந்தாம் பாகம்

ஒரு நடிகருக்கு ரசிகனாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனான பிறகும், ரசிகர் மன்றச் செயலாளராக இருந்ததற்குக் கொஞ்சம் வெட்கப்படலாம். களுவாஞ்சிக்குடியில் நான் அந்தப் பதவியை வகித்தேன். (உறுப்பினர் மொத்தம் ஒன்பது பேர். அதில் இருவர் கட்டாரில்.)

என் நடிகரின் பொலிஸ் படம் அப்போது நான்கு பாகங்கள் வந்திருந்தது. மூன்றாம் பாகம் சரியில்லை என்பவர்களுக்குச் சினிமா தெரியாது என்பது என் கொள்கை. நான்காம் பாகத்தின் முடிவில் நாயகன் குண்டடிபட்டுச் செத்துப் போகிறார். பாடையில் கிடப்பவரின் சுண்டுவிரல் கடைசி நொடியில் லேசாக அசைகிறது. அந்தச் சுண்டுவிரலை நம்பித்தான் நாங்கள் ஒன்பது பேரும் உயிர் வாழ்ந்தோம்.

மாமாவுக்கு அந்த விரல் பிடிக்கவில்லை. அவர் அம்மாவின் தம்பி, எங்களுக்கு அடுத்த வளவு. முப்பது வருடம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். அவரும் சினிமாப் பைத்தியம்தான், ஆனால் பழைய நடிகர்களின் கட்சி.

“செத்தவன் செத்துப் போகோணும் மனே,” என்று ஒருநாள் தன் வீட்டில் சாப்பிடும்போது சொன்னார். “பஸ்ஸுக்கு ஒரு கடைசி ஹோல்ட் இருக்கு. அங்க வந்தும் இறங்கமாட்டன் எண்டு குந்தியிருந்தா அவன் பயணியில்ல. உன்ட ஆளுக்கு இறங்கத் தெரியாது.”

“உங்கட ஆளுகள் ஒரு பாகத்தோட முடிச்சது ஏன் தெரியுமா மாமா? ரெண்டாம் பாகம் கேக்க ஆளில்ல,” என்றேன்.

மாமா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் வீறாப்பாக எழும்பி வந்துவிட்டேன். பிறகு நான் அங்கே போகவில்லை, அவர் கூப்பிடவுமில்லை. அவர் முதலில் கூப்பிடட்டும் என்று பத்தொன்பது நாள் இருந்தேன். இருபதாம் நாள் காலை, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

வாயால் கேட்காத மன்னிப்பை எட்டடிப் பேனரில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். “கண்ணீர் அஞ்சலிப் பேனர நான் பாத்துக்கொள்ளுறன், ஒருத்தரும் கை வைக்க வேணாம்,” என்று அறிவித்தேன். (அதுவரை பதின்மூன்று பேனர் செய்த அனுபவம்.) நான்காம் பாகத்துக்கு நான் செய்த பேனர் தொலைபேசியிலேயே இருந்தது. ஊதா நிற வானம், வெள்ளைப் புறாக்கள், மேலிருந்து இறங்கும் ஒளி. நாயகன் சாகும் படத்துக்குச் செய்தது என்பதால் செத்த வீட்டுக்கும் பொருந்தியது. என் நடிகரை எடுத்துவிட்டு, தன் மகளின் கலியாணத்தில் மாமா கைகூப்பி நின்ற படத்தை வைத்தேன். பெயரும் தேதிகளும் எழுதினேன். கண்ணீர் திரையில் விழுந்தது. திரைக்குள் அடங்காமல் கீழே இன்னும் இரண்டு வரி இருந்ததை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பேனர் வாசலில் ஏறியது. முதலில் வந்தவர் மாமாவின் கூட்டாளி கந்தப்பர். பேனரை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு இரண்டடி பின்னால் வைத்து றோட்டில் நின்றுகொண்டார்.

“தம்பி, உன்ட மாமன் என்னயா கூப்பிடுறான்?”

கைகூப்பி நின்ற மாமாவின் காலடியில், மஞ்சள் எழுத்தில் இப்படி இருந்தது: ‘விரைவில் ஐந்தாம் பாகத்தில் சந்திப்போம். இவண், ரசிகர் மன்றம், களுவாஞ்சிக்குடி.’

செத்த வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்களில் யாரும் ‘போயிற்று வாறன்’ என்று சொல்வதில்லை. தப்பித்தவறியும் அது வந்துவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு போகிற ஊர் இது. அந்த ஊரில் செத்தவரே வாசலில் நின்று, விரைவில் சந்திப்போம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் வயதுக்காரர்கள் பின்வேலிக் கடப்பு வழியாகச் சுற்றி வந்தார்கள். பறைமேளக்காரர் ஒருவர் அடியைத் தவறவிட்டார்.

அந்த வரிகளை வெட்டியெடுக்க நான் கத்தியோடு ஓடினேன். அதற்குள் மாமி வெளியே வந்துவிட்டா. விடிய விடிய அழுத கண்ணோடு எழுத்துக் கூட்டி வாசித்தா.

“ஆருட வேல இது?”

“என்ட வேலதான் மாமி. மாமாக்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் செஞ்சன்.” குழந்தைபோல அழுதேன்.

“அவர் ஒழும்பினா உனக்கு அடிதான் மனே,” என்றா மாமி. அதைத் தொடர்ந்து அவவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. “வெட்டாத. கிடக்கட்டும்.”

பெரியவர்கள் சமரசமாக அந்த இரண்டு வரியின்மேல் வெள்ளைத் துணி கட்டினார்கள். சவப்பெட்டி வாசலைக் கடந்தபோது வாவிக்காற்று அந்தத் துணியைத் தூக்கிவிட்டது.

அடுத்த வருடம் உண்மையான ஐந்தாம் பாகம் வந்தது. “என்னயும் கூட்டிற்றுப் போ,” என்றா மாமி. மட்டக்களப்பில் பகல் காட்சி. சுண்டுவிரல் அசைந்தது, பிறகு கை அசைந்தது, நாயகன் எழுந்து நின்றார். தியேட்டர் முழுக்க விசில். நானும் இரண்டு விரலை வாய்க்குள் வைத்தேன், காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் மாமி மெதுவாகக் கேட்டா.

“இவன் மட்டும் எப்பிடி மனே ஒழும்பினான்?”

மாமா சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு எனக்குள் ஒத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது. அந்தக் கிழமையே செயலாளர் பதவியை விட்டேன். (மன்றம் கலைந்ததாகத் தெரியவில்லை. கட்டார்க் கிளை இப்போதும் இயங்குகிறது.)

மாமாவின் திவசத்தன்று சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர், “ஆறாம் பாகம் எப்பயாம்?” என்று தொடங்கிவைப்பார். மாமியும் தன் பங்குக்கு, “நான் செத்தா பேனர் வேலய இவன்ட கையில மட்டும் குடுத்திராதங்க,” என்பா. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

போன திவசத்தன்று எல்லாரும் போன பிறகு மாமி என்னைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டா.

“பேனர் நீயே செய் மனே. ‘சந்திப்போம்’ எண்ட அந்த வரிய மறந்திராத.”