நாற்பது பேர் கேட்ட கவிதை

பத்து மணிக்குள் இன்ஸ்பெக்டர் மேசையில் அறிக்கை இருக்க வேண்டும். மணி ஒன்பதே முக்கால். கான்ஸ்டபிள் தர்மன் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

முந்தின நாள் மாலை பிள்ளையார்பாளையம் படிப்பகத்தில் கவியரங்கம். பட்டு நெசவு செய்யும் பஞ்சாட்சரம் கவிதை படிக்கப் போகிறார். மஃப்டியில் போய் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதி வா என்பது உத்தரவு. எமர்ஜென்சி வந்து எட்டு மாதம். பத்திரிகைகள் அடங்கிப்போன பிறகு, காஞ்சிபுரத்தில் யாராவது எதையாவது சத்தமாகச் சொன்னால் அது கவியரங்கத்தில்தான்.

தர்மன் போகவில்லை. மாகறலில் மச்சினிச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்திருக்க நேரமாகி, பஸ்ஸை விட்டுவிட்டான்.

நிலவைப் பற்றி நாலு வரி எழுதினான். கூட்டம் நாற்பது பேர் என்று போட்டுக் கொண்டுபோய் நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் படித்தார். "நிலாவைக் கேக்கவா நாப்பது பேரு கூடினானுங்க? தூங்கிட்டியாய்யா?"

"இல்லீங்கய்யா. அது முதல் பாட்டு. இன்னொண்ணு இருக்குது."

"கொண்டா. இல்லன்னா சஸ்பெண்ட்."

அரசியல் கவிதைக்குக் கோபம் வேண்டும் என்று மட்டும் தர்மனுக்குத் தெரிந்தது. அவனிடம் இருந்த கோபமெல்லாம் மாமியார் மேல்தான். வந்தவர்கள் முன்னால் நீ வாயைத் திறக்கக் கூடாது என்று நேற்று உட்கார வைத்துவிட்டாள். அவளை நினைத்து எழுதினான்.

வாய்க்குப் பூட்டுப் போட்டாய், சரி.
ஊரில் இத்தனை வாய் இருக்கிறதே,
அத்தனை சாவியையும்
எந்த இடுப்பில் செருகுவாய்?

இன்ஸ்பெக்டர் "இடுப்பு" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இது டெல்லி இடுப்பு," என்றார். "மிசாவுல தூக்கிடலாம்."

தர்மனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. படிக்காத கவிதையை யார் ஒப்புக்கொள்வார்கள்?

பஞ்சாட்சரத்தின் வீட்டு வாசலில் தெருவே கூடி நிற்க, இன்ஸ்பெக்டர் அந்த நாலு வரியையும் உரக்க வாசித்தார். பஞ்சாட்சரம் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து கேட்டார்.

"இன்னொரு தபா படிங்க."

வாசித்தார்.

"ஆமா, நான்தான் படிச்சேன்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நேராக வேலூர் சிறை.

அன்றிலிருந்து தர்மனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கவிதை படிக்கப்படவே இல்லை என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்று தேடிப் போனான். முதலில் டீக்கடைக் கண்ணாயிரம்.

"கவியரங்கத்துல அந்தப் பூட்டுப் பாட்டைப் படிக்கலதானேபா?"

"படிச்சாரே. முன்வரிசையில உக்காந்துக்கினு கேட்டேன். கைத்தட்டி மறுபடி படிக்க வச்சோம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நிலாவைப் பத்தி எதுனா இருக்கும்."

"நீ வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்று கண்ணாயிரம் டீயை ஆற்றினார்.

எந்த வாசலில் கேட்டாலும் அதே பதில். தர்மன் எழுதிய நாற்பது பேர் ஒரு வாரத்தில் நூறைத் தாண்டிவிட்டார்கள்.

கடைசியாகப் படிப்பகச் செயலாளர் கைலாசத்திடம் போய்க் கெஞ்சினான். "ஐயா, அவரு அதைப் படிக்கலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. விட்டுடுவாங்க."

"எப்படிப்பா எழுதறது? மைக்கை நான்தானே புடிச்சுக்கினு நின்னேன். உன் ரிப்போர்ட்டுல கடைசி ரெண்டு வரியை வேற விட்டுட்டே." அந்த இரண்டு வரியையும் வாசலில் நின்று ராகத்தோடு சொன்னார். முதல் நாலு வரியைவிட அவை மோசமாக இருந்தன. பேச்சு ஸ்டேஷனுக்கு எட்டி, மறுநாள் கைலாசமும் வேலூருக்குப் போனார்.

"நல்லா வேலை பாக்கறய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். தர்மன் கொல்லைப்பக்கம் போய் அழுதான்.

மூன்றாம் வாரம், வேலை போனாலும் போகட்டும் என்று பஞ்சாட்சரத்தின் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி தில்லையம்மாள் அப்போதுதான் வேலூரிலிருந்து திரும்பியிருந்தாள். பாதியில் நின்ற சேலை தறியில் அப்படியே கிடந்தது.

"எப்படிம்மா இருக்காரு?"

"இருமிக்கினு இருக்காரு. கம்பியைப் புடிச்சுக்கினுதான் நிக்க முடியுது. அந்த நாலு வரியைச் சொல்லச் சொல்லி உள்ள இருக்கறவங்க தெனம் கேக்கறாங்களாம். சொல்றாராம்."

தர்மன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"என்னை மன்னிச்சுடும்மா. அது அவரு பாட்டு இல்ல. நான் எழுதினது. அன்னிக்கு நான் கூட்டத்துக்கே வரல. நாளைக்கே கலெக்டருக்கு எழுதிக் குடுத்துடறேன்."

தில்லையம்மாள் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"எழுதாதீங்க ஏட்டையா. நீங்க மட்டுமா வரல, பயந்துக்கினு ஊர்ல ஒருத்தரும் வரல. காலி பெஞ்சுங்களப் பாத்துட்டுத் திரும்பி வந்து, எழுதி வச்சிருந்ததை அவரே அடுப்புல போட்டுட்டாரு."